எனக்குப் போட்ட பதியன்

ஈரச் சாக்கு வாடை. எல்லாம் திரும்பி வர எனக்கு அது ஒன்று போதும்.

கடலூர் பேருந்து நிலையத்தில் பூக்காரப் பெண்கள் கூடைமேல் ஒரு சாக்குத்துண்டைப் போர்த்தி, வெயில் ஏற ஏற அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மல்லியின் வாசனைக்கு முன்னால் அந்தச் சணல் வாடை வந்துவிடும். மண்ணும் மழைத்தண்ணீரும் பூட்டிக்கிடந்த அறையும் சேர்ந்த வாடை. மற்றவர்கள் பூவை முழம்போட்டு வாங்கிக்கொண்டு நகர்கிறார்கள். நான் சிதம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தைப் பத்தடி தள்ளி மாற்றிக்கொண்டேன். பத்தடியில் நின்றுவிடுமா வாடை? காற்று கடல் பக்கமிருந்து திரும்பினால் நேராக என்மேல்தான் வந்து விழும்.

அந்த வாடையோடுதான் என் தங்கை கனடாவுக்குப் போனாள்.

2004, ஆவணி மாதம். கிணற்றடியில், துவைக்கிற கல்மேல் ஒரு மல்லிச்செடியைப் படுக்கவைத்து, அம்மா அதன் வேரிலிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓடுகிற தண்ணீர் தெளிகிறவரை கழுவினாள். கிளைகளை முன்பே ஒரு சாண் உயரத்துக்கு வெட்டியிருந்தாள். சாக்குத்துண்டை நனைத்துப் பிழிந்து வேரைச் சுற்றி, அதற்குமேல் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குமேல் கூறைப்புடவை. பெட்டிக்குள் வைத்தபோது அதைச் செடி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"ஏம்மா, ஏர்போர்ட்ல புடிச்சுட்டா?" என்றாள் தங்கை.

"புடிச்சா என்னாடி, பூச்செடிதான, கஞ்சாச் செடியா? திருட்டுத்தனமா போற செடிதான் நல்லா வேர் புடிக்கும். மூஞ்ச மட்டும் நல்லா வச்சிக்கிட்டு நில்லு."

"என் மூஞ்சே திருட்டு மூஞ்சிதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுக்குமல்லி. ஒரு பூவுக்குள் இன்னொரு பூ ஒளிந்திருப்பதுபோல இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். அம்மா பிறந்தது கீரப்பாளையம் பக்கம். கல்யாணமாகி வரும்போது அவள் அம்மா வீட்டுப் புதரிலிருந்து பதியன் போட்டுக் கொடுத்தனுப்பியது அது; எங்கள் கொல்லையில் புதராகிவிட்டிருந்தது. பதியன் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிடுவது. மூன்று மாதத்தில் புதைந்த இடத்தில் வேர் விடும். அப்புறம் தாய்ச்செடியிலிருந்து அறுத்து எடுக்கலாம். அம்மா வழிப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது: கட்டிக்கொடுக்கிற பெண்ணுக்கு மட்டும்தான் பதியன். வேறு யாருக்கும் ஒரு குச்சிகூடக் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா வருஷாவருஷம் கேட்பாள்.

"ஒரு குச்சி குடுத்தா என்னா கொறஞ்சா போயிடும்?"

"என் வயித்துல பொறந்துட்டு வா, தர்றேன்" என்பாள் அம்மா.

அவள் வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவள் நான்.

துவைக்கிற கல்மேல் கிடந்த அந்தப் பதியன் எனக்குப் போட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், கார்த்திகையில், எனக்கு நிச்சயம் செய்தார்கள். வந்தவர்கள் வாசலில் செருப்பை மாட்டும்போதே அம்மா மண்வெட்டியை எடுத்துவிட்டாள். மாசியில் வேர் விட்டது. அதற்குள், தை மாதமே அந்த வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வேர் விட்ட செடியை என்ன செய்வது? அம்மா அதை ஒரு தொட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் காபி குடித்தார்கள், போனார்கள். தொட்டிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றும்போதெல்லாம் இதை எடுத்துக்கொண்டு எங்கே போவேன் என்று நினைப்பேன். கடைசியில் தங்கைக்கு முடிந்தது, கனடா மாப்பிள்ளை. தங்கைக்கென்று புதிதாக ஒரு பதியன் போட நாள் இல்லை, மாப்பிள்ளைக்கு லீவு முடிகிறது என்றார்கள். அம்மா என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். அதுதான் ஆறவில்லை. கேட்டிருக்கலாம்.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குப் போன் வரும். எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம், அவளுக்குக் காலை. அம்மா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே போனை எடுப்பாள்.

அம்மாவுக்கு ஒரு கட்டளை உண்டு: விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக்கூடாது. இலை பறிக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. செடி தூங்குகிறது. இதை அவள் கனடாவுக்கும் நீட்டித்தாள்.

"இங்க நாலரைக்கெல்லாம் இருட்டிடுதும்மா. நான் வேலவுட்டு வர்றதே ஆறு மணிக்கு."

"அப்ப காலையில போறப்ப ஊத்து."

"போறப்பவும் இருட்டுதாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். சூரியன் இல்லாத ஓர் ஊருக்குச் சட்டம் எழுதுகிறவளின் யோசனை அது.

"அப்ப ஞாயித்துக்கெழம பகல்ல மட்டும் ஊத்து. வாரம் முழுக்கத் தூங்குதுன்னா தூங்கிட்டுப் போவுது. நீ எழுப்பாத."

அந்த முதல் குளிரில் செடி இலைகளையெல்லாம் உதிர்த்தது. தங்கை அழுதாள். அம்மா, குச்சியை நகத்தால் கீறிப் பார், பச்சை தெரிகிறதா என்றாள். தெரிந்தது. அந்த மார்கழியில்தான் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் தெரு உள்ளே தள்ளி இருந்ததால் ஒன்றுமில்லை. நான் அறிவியல் பாடம் எடுக்கிற சிதம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் கடலோரத்துச் சனங்கள் பாயில்லாமல் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தார்கள். பகலெல்லாம் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, உப்பும் சேறும் பிடித்த புடவையோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, மூன்று நாள் கிடைக்காத லைன் கிடைத்திருந்தது. தங்கை விம்மிக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. அம்மா, நாங்க நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில், "இப்ப குச்சி பச்சயா இருக்கா?" என்றாள். நான் வாசற்படியில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்து, காலைக் கழுவிக்கொண்டு வரச்சொல்லிச் சைகை காட்டினாள்.

கோடையில் செடி துளிர்த்தது. வைகாசி வாக்கில் தொட்டியை வெளியில் எடுத்து வைத்தாளாம். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று வெயிலுக்குப் பழக்கினாளாம். நம் வெயிலில் பிறந்த செடிக்கு அந்த ஊரில் வெயில் பழக்க வேண்டியிருந்தது. ஆடியில் மூன்று பூ. அம்மா அந்த மூன்றையும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் தங்கைக்கு வெறி பிடித்தது. கடையில் ஒரு கருவேப்பிலைக் கன்று வாங்கினாள். மஞ்சள் நட்டாள். குளிர் வருமுன் கிழங்கைத் தோண்டிச் செய்தித்தாளில் சுற்றிக் கார் நிறுத்துகிற அறையில் வைத்தாள். வாழைக்கன்று ஒன்றைத் தோட்டத்தில் நட்டு, பனிக்கு முன்னால் அதை வைக்கோலாலும் சாக்காலும் சுற்றிக் கட்டினாள்.

"எம்பொண்ணு கனடாவுல வாழைமரத்துக்குப் போர்வை போத்துறா" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையடித்தாள்.

"புருஷனுக்குப் போத்துனாளா?"

"அவரு ஒடம்பு அங்கத்திது. தாங்கும்."

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியாது, அம்மா அப்படிப் பேசுவாள். ஆனால் அந்தப் பேச்செல்லாம் போனுக்கும் தெருவுக்கும்தான். காலை ஏழு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே சிதம்பரம் போய், சாயங்காலம் நின்றுகொண்டே திரும்பி வருகிற எனக்கு அவள் வைத்திருந்த பேச்சு, "பஸ்ஸு லேட்டா?" என்பதுதான். தினம் நாற்பது கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவளுக்கு இரண்டு சொல். கடல் தாண்டி இருக்கிற ஒரு குச்சிக்கு அரைமணி நேரம்.

*

இரண்டாவது குளிர். கார்த்திகை மாதம், ஒரு ஞாயிறு. அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருந்தாள். போனை நான் எடுத்தேன்.

"அம்மா இல்லியாக்கா?"

"ஏன், நான் பேசக்கூடாதா?"

"ஐயோ, அப்பிடி இல்லக்கா. மல்லி மறுபடியும் எலைய உதுக்குது. கருவேப்பிலையும் மஞ்சளாயி கொட்டுது. பயமா இருக்கு."

அவள் குரல் நிஜமாகவே நடுங்கியது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனா கையில் இருந்தது. சிவப்புப் பேனா பிடித்த கைக்கு எல்லாம் தெரியும்.

"வீட்டுல ஹீட்டர் போடறீங்கல்ல? காத்து காஞ்சு கெடக்கும். எலை வழியா தண்ணி ஆவியாப் போவுது, அதான் கொட்டுது. தெனம் தண்ணி ஊத்து."

"அம்மா ஞாயித்துக்கெழம மட்டும்தான்..."

"அம்மாவுக்குக் கனடா எங்க இருக்குன்னு தெரியுமாடி? வெளக்கு வச்சா செடி தூங்குதாம். நீயும் ஆறு மாசம் தூங்க வெச்சுக்கிட்டு உக்காந்திரு. வேலவுட்டு வந்ததும் தெனம் ஊத்து. புளிச்ச மோரும் ஊத்து."

"கருவேப்பிலைக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

இந்த ஊரில் கருவேப்பிலை வாடினால் புளித்த மோர் ஊற்றுவோம். எல்லோர் வீட்டிலும் செய்வது. மல்லிக்கு யாரும் ஊற்றுவதில்லை. ரெண்டுக்கும்தான் என்று அன்றைக்கு ஏன் சொன்னேன்? இத்தனை வருஷமாக அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். தெரியாமல் சொன்னேன் என்று ஒரு நாள் தோன்றும். ஒரு நாள் தோன்றாது.

"இங்க தயிரு புளிக்கவே மாட்டேங்குதுக்கா" என்று சிரித்தாள். பயம் போய்விட்டிருந்தது.

"ஹீட்டர் பக்கத்துல வையி. புளிக்கும்."

நம் ஊரில் இலை கொட்டினால் அது தாகம். வேறு அர்த்தம் நமக்குத் தெரியாது. குளிரில் இலை கொட்டுவது ஓய்வு, அப்போது வேர் தண்ணீர் குடிக்காது, குடிக்காத தண்ணீர் தொட்டியில் தேங்கி வேரை அழுக வைக்கும் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். வேரும் சுவாசிக்கிறது என்று கரும்பலகையில் வருஷாவருஷம் எழுதுகிறவளும் நான்தான்.

அம்மா திரும்பி வந்தபோது, போன் வந்ததைச் சொன்னேன். என்ன பேசினோம் என்று சொல்லவில்லை.

தை மாதக் கடைசியில் தங்கை, கருவேப்பிலை போய்விட்டது என்றாள். அம்மா உச்சுக்கொட்டினாள். போனை என்னிடம் கொடுத்தாள்.

"மல்லி?" என்றேன்.

கொஞ்சம் இடைவெளி. அந்தக் காலத்துப் போனில் எல்லாப் பேச்சுக்கும் அப்படியொரு இடைவெளி உண்டு.

"மல்லி தப்பிச்சிடிச்சுக்கா."

"நல்லவேளை" என்றேன். அந்த நல்லவேளையை வாயிலிருந்து எடுத்து வெளியே வைக்க எனக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

*

அதற்கடுத்த கோடையிலிருந்து போட்டோக்கள் வரத் தொடங்கின. மெயிலில் அனுப்புவாள். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் அதைக் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவேன். ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தொட்டி. கண்ணாடிக்கு வெளியே பச்சைப் புல். செடி நிறையப் பூ. மூன்று இல்லை, முப்பது இருக்கும்.

அம்மா முதல் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள், கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பூக்களில் அடுக்கு இல்லை. ஐந்தாறு இதழ், ஒற்றை வரிசை, நடுவில் ஒன்றுமில்லை.

"குளுருல பூ எளச்சிப்போச்சு" என்றாள்.

போட்டோவை அரிசி டின்னுக்குப் பின்னால் சுவரில் ஒட்டினாள். அடுத்த ஞாயிறு போனில், "பூ அம்சமா இருக்குடி" என்றாள். நான்கு கோடைகள் அப்படிப் போட்டோ வந்தது. சுவர் நிறைந்தது. நான் சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம், எனக்குப் போட்ட செடி கனடாவில் பூத்துக்கிடப்பதைப் பார்த்துக்கொண்டே அளந்தேன்.

2009 ஐப்பசியில் அம்மா போனாள். மூன்று நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். வாசலில் மழைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கொல்லைப்பக்கம் போய்த் தங்கைக்குப் போன் போட்டேன். அழுதாள், நன்றாக அழுதாள். டிக்கெட், லீவு, இரண்டு விமானம் என்று என்னென்னவோ சொன்னாள். வருவாயா என்று மட்டும் கேட்டேன்.

"செடியெல்லாம் இன்னும் வெளியில இருக்குக்கா. இந்த வாரம் பனி விழும்ங்கிறாங்க. உள்ள எடுத்து வைக்கலன்னா..."

பாதியில் நிறுத்திவிட்டாள். தான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். நான் போனை வைத்தேன்.

அவள் வரவில்லை. அன்றைக்கு மல்லிப்புதரில் இருந்த பூவையெல்லாம் பறித்து அம்மாமேல் போட்டேன். ஐப்பசியில் பூ குறைவு. ஒரு கை அளவுகூட இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் போன் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு பண்டிகைக்கு ஒன்றாகியது. போட்டோ வருவதும் நின்றது. அம்மா இல்லாத வீட்டுக்கு யார் போட்டோ அனுப்புவார்கள்?

*

புதர் எனக்கு மிச்சமிருந்தது. அது எனக்குக் கொடுக்கப்பட்டதல்ல, வீட்டோடு இருந்தது, நானும் வீட்டோடு இருந்தேன். சாயங்காலம் விளக்கு வைக்குமுன் பறித்துத் தொடுத்து, தலையில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத வீட்டுக்குள் நடப்பேன். 2011 கடைசியில் புயல் வந்தது. விடியற்காலையில் பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் மதில்மேல் விழுந்து, மதில் மல்லிமேல் விழுந்தது. மல்லிக்கு அது பெரிய விஷயமில்லை, அடியிலிருந்து துளிர்த்துவிடும். நான் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சம் இடம் பண்ணிவைத்தேன். மின்சாரம் இல்லாத பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, தெருவில் இடிபாடு அள்ளுகிற பொக்லைன் வண்டி வந்திருக்கிறது. மதில்தான் இல்லையே, கொல்லை வரைக்கும் உள்ளே வந்து, கல்லோடு கல்லாகப் புதரையும் வேரோடு அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"நல்ல மனுஷங்க, கூப்புடாமலே வந்து சுத்தம் பண்ணிக் குடுத்துட்டாங்க" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்கே ஒரு குச்சி எனக்குக் குடுத்திருந்தா இன்னிக்கு ஒனக்குத் திருப்பிக் குடுத்திருப்பேன்ல" என்று முனகிக்கொண்டே போனாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

அந்த வாரமே சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ் ஏறிக் கீரப்பாளையம் பக்கம் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போனேன். மாமா வெளியே வந்தார். கொல்லை முழுக்கச் சிமெண்டு.

"மல்லியா? அதெல்லாம் எப்பவோ வெட்டியாச்சும்மா. காரு நிறுத்த எடமில்லன்னு பையன் சொன்னான். பூதான வேணும், சிதம்பரத்துல கெடைக்காததா?"

ஆக, உலகத்தில் அந்த மல்லி இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. பனிக்குப் பயந்து உள்ளே எடுத்து வைக்கப்பட்ட ஒரு வெள்ளைத் தொட்டியில்.

பொங்கலுக்கு அவள் போன் செய்தாள். வாழ்நாளில் அவளிடம் நான் கேட்ட ஒரே பொருள் அது.

"கோடைக்கு வர்றேன்னியே. வர்றப்ப எனக்கு அந்த மல்லியிலேர்ந்து ஒரு பதியன் எடுத்துக்கிட்டு வா."

இடைவெளி. இப்போதெல்லாம் போனில் இடைவெளி விழுவதில்லை. இது அவளுடையது.

"பாக்குறேன்க்கா" என்றாள்.

*

2012 வைகாசியில் வந்தாள், தனியாக, இரண்டு வாரத்துக்கு. அவள் பெட்டியைத் திறந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாக்லெட், எனக்கொரு கம்பளிச் சால்வை, வைட்டமின் மாத்திரை. பெட்டியில் எங்கும் ஈர வாடை இல்லை. எல்லாம் உலர்ந்து, சோப்பு மணத்தோடு இருந்தது.

"செடி?"

"ஏர்போர்ட்ல புடிச்சுப்பாங்கக்கா."

"எடுத்துக்கிட்டுப் போவுறப்ப புடிக்கலியே."

அவள் சால்வையைப் பிரித்து என் மடியில் வைத்தாள். அந்த இரண்டு வாரமும் நான் அவளுக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டேன். கடலூர் வெயிலில் அவள் தவித்தபோது மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். பேச்சு மட்டும் இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த போட்டோக்களை அவள் ஒருநாள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா ஒட்டுனது" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

கிளம்புகிற அன்று காலை. சென்னைக்கு டாக்ஸி சொல்லியிருந்தோம். கொல்லையில், பொக்லைன் அள்ளிய குழியில் தேங்கிக் காய்ந்த மண் வெடித்துக் கிடந்தது. அதன் ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எட்டு வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நீ எடுத்துக்கிட்டுப் போனது எனக்குப் போட்ட பதியன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேதான் எடுத்துக்கிட்டுப் போனியா?"

"அம்மா குடுத்தாங்க. வேணாம்னு சொல்ல வாய் வரல. அங்க போயி தெனம் அதப் பாக்குறப்ப ஒன்னத்தான் நெனச்சுப்பேன்."

"அம்மா செத்தப்பக்கூட அதுக்குப் பனி புடிச்சுடும்னு வராம இருந்தவதான நீ?"

"லீவு குடுக்கலக்கா. அதான் நெசம். செடின்னு ஏன் வாயில வந்துச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியல." காலால் ஒரு மண்கட்டியைக் குழிக்குள் தள்ளினாள். "அப்ப அந்த மல்லியே கெடையாது."

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாவது குளுருலயே போயிடிச்சு. கருவேப்பிலை போனப்பவே ரெண்டும் போயிடிச்சு. தொட்டியக் கவுத்துப் பாத்தேன், வேரெல்லாம் கறுப்பா, கொழகொழன்னு, மோரு நாத்தம். அம்மாகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம அந்த ஊரு கடையில ஒண்ணு வாங்கி வச்சேன். போட்டோவெல்லாம் அதுதான்."

நான் குழியைப் பார்த்தேன். ஒற்றை வரிசை இதழ். வாசல் வெளிச்சத்தில் அம்மா. பூ எளச்சிப்போச்சு. நான்கு கோடைகள், வாரம் அரைமணி நேரம், கடையில் வாங்கிய ஒரு செடிக்கு அம்மா பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தும் பேசினாள் என்றால், அந்தப் பேச்சு செடிக்கானது இல்லை. அப்படியானால் நான் எதன்மேல் இத்தனை காலம் வயிறெரிந்தேன்?

"மோருனாலயா?" என்றேன்.

அவள் பதில் சொல்லுமுன் வாசலில் ஹாரன் அடித்தது. பெட்டியை நான் தூக்கினேன், அவள் பிடுங்கினாள், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வண்டி நகரத் தொடங்கும்போது கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியோடு நாலு எட்டு நானும் நடந்தேன்.

"நீ சொன்ன அடுத்த வாரமே, தெனம் ஊத்த வேணாம்னு அம்மா சொன்னாங்கக்கா, ஈரத்துல தூங்குனா நமக்கே ஆவாது, செடிக்கு ஆவுமான்னு கேட்டாங்க. யாரு ஊத்தச் சொன்னான்னு கேட்டதுக்கு டிவியில பாத்தேன்னு சொல்லிட்டேன். நீ சயின்ஸ் டீச்சராச்சே, ஒனக்கா தெரியாதுன்னு நான்தான் தெனம் ஊத்துனேன்."